140 கிலோவுக்கு மேல் எடை உள்ளவர்களை எம்ஆர்ஐ அறைக்குள் கொண்டுபோக வீல் சேர்: எதைப் பார்த்து வாங்குவது?

திருமங்கலம் ரோடு டெக்னீசியன்:
வணக்கம். மதுரையில் ஒரு ஸ்கேன் சென்டரில் எம்ஆர்ஐ டெக்னீசியனாக இருக்கிறேன். 1.5 டெஸ்லா (காந்த பலத்தின் அளவு) மிஷின், 60 செ.மீ. போர் (ஆள் உள்ளே போகும் குழாயின் அகலம்). உள்ளே கொண்டுபோவதற்கு ஒரு பிவிசி பைப் வீல் சேர் வைத்திருக்கிறோம். போன வாரம் உசிலம்பட்டிப் பக்கமிருந்து ஒரு அம்மா முதுகுத்தண்டு ஸ்கேனுக்கு வந்தார். எடை 142 கிலோ. உட்கார வைத்ததுமே இருக்கை தொய்ந்தது. மேக்னெட் அறை (பெரிய காந்தமான எம்ஆர்ஐ மிஷின் இருக்கும் அறை) வாசலைத் தாண்டும்போது முன்சக்கரத்துக்கு மேலே பைப் விரிசல் விட்டது. மூன்று பேர் பிடித்துக்கொண்டதால் விழவில்லை. ஆனால் காத்திருந்த அத்தனை பேர் பார்க்க அவரைக் கைத்தாங்கலாகத் தூக்கிப் போகும்படி ஆயிற்று. "என்னால உங்களுக்குத்தான் சிரமம்" என்று அந்த அம்மா திரும்பத் திரும்பச் சொன்னதை மறக்க முடியவில்லை.

ஓனர் புதுச் சேர் வாங்கச் சம்மதித்துவிட்டார். டவுனில் ஒரு சர்ஜிக்கல் கடையில் 24 இன்ச் சீட், 200 கிலோ தாங்கும் என்று ஒன்று காட்டினார்கள். "ஃபுல் அலுமினியம் சார், காந்தம் ஒட்டாது, தைரியமா உள்ள கொண்டு போங்க" என்கிறார் கடைக்காரர். பேப்பர் எதுவும் தரவில்லை. வாங்கலாமா?

ரேடியோகிராபர், 19 வருடம்:
வேண்டாம் தம்பி. முதலில் சேரில் என்ன ஸ்டிக்கர் இருக்கிறது என்று பாருங்கள். பச்சைச் சதுரம் என்றால் எம்ஆர் சேஃப், அதாவது எம்ஆர்ஐ அறைக்குள் தாராளமாகப் போகலாம். மஞ்சள் முக்கோணம் எம்ஆர் கண்டிஷனல், அதாவது குறிப்பிட்ட டெஸ்லா, குறிப்பிட்ட நிபந்தனைக்குள் மட்டும். சிவப்பு வட்டத்தில் குறுக்குக் கோடு என்றால் உள்ளே போகவே கூடாது. ஸ்டிக்கரே இல்லாத பொருளைச் சிவப்பு என்றே வைத்துக்கொள்ள வேண்டும். மும்பையில் 2018-இல் ஆக்சிஜன் சிலிண்டரோடு உள்ளே போன உறவினர் ஒருவர் அப்படியே இழுக்கப்பட்டு இறந்துபோனார். ஸ்கேன் ஓடாத நேரத்திலும் காந்தம் ஓடிக்கொண்டேதான் இருக்கிறது. இதை அட்டெண்டர், ஆயா வரைக்கும் வாரம் ஒருமுறை சொல்லுங்கள்.

பயோமெடிக்கல், கே.கே. நகர்:
கடைக்காரர் பொய் சொல்லியிருக்க மாட்டார் சார். ஃபிரேம் அலுமினியமாகவே இருக்கலாம், அலுமினியத்தில் காந்தம் ஒட்டாது என்பதும் சரிதான். ஆனால் வீல் சேர் என்பது ஃபிரேம் மட்டும் இல்லை. சக்கரத்துக்குள் இருக்கும் பேரிங், அச்சு, பிரேக் ஸ்பிரிங், ஃபுட்ரெஸ்ட்டைப் பிடிக்கும் பின், சீட் துணியை இறுக்கும் ஸ்க்ரூ எல்லாம் பெரும்பாலும் இரும்புதான். பெரிய எடைக்கான சேரில் கூடுதல் ஆபத்து உண்டு. எடை தாங்குவதற்காகச் சீட்டுக்கு அடியில் குறுக்குக் கம்பி, தடித்த அச்சு எல்லாம் சேர்ப்பார்கள். அவற்றை ஸ்டீலில் செய்வதுதான் வழக்கம். அதிகம் தாங்கும் சேர், அதிகம் இரும்பு உள்ள சேராக இருக்கும்.

"ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்தான்" என்று சொன்னாலும் நம்ப வேண்டாம். 304 மாதிரி ரகம் தகடாக இருக்கும்போது காந்தத்தில் ஒட்டாது. வளைத்து, அடித்து, வெல்டு வைத்த இடத்தில் கொஞ்சம் இழுக்க ஆரம்பிக்கும். காஸ் என்பது காந்தப்புலத்தின் சின்ன அளவு; பூமியின் காந்தப்புலம் அரை காஸ் அளவு. உங்கள் மிஷின் 15,000 காஸ். அந்தக் கொஞ்சமே போதும்.

கடையிலேயே ஒரு சோதனை செய்யலாம். நல்ல பலமான நியோடிமியம் காந்தம் ஒன்றை நூலில் கட்டி, சேரின் ஒவ்வொரு மூட்டுக்கும், முக்கியமாகச் சக்கர நடுவிலும் கொண்டுபோங்கள். எங்கேயாவது இழுத்தால் அந்தச் சேர் கிடையாது, பேச்சு முடிந்தது. இழுக்காவிட்டாலும் பாஸ் என்று அர்த்தம் இல்லை; கைக் காந்தம் பிடிக்காததை மிஷினின் காந்தம் பிடிக்கும். தயாரிப்பாளர் எழுத்தில் தரும் 1.5 டெஸ்லா சான்றும் எடை அளவும் இருந்தால்தான் உள்ளே. "அறைக்குள் கொண்டுபோய்ப் பார்ப்போம்" என்ற சோதனையை மட்டும் யாரும் செய்துவிட வேண்டாம். ஒட்டிக்கொண்டால் எடுப்பதற்கு காந்தத்தைக் குளிர்விக்கும் ஹீலியத்தை வெளியேற்றி குவெஞ்ச் செய்ய, அதாவது காந்தத்தையே அணைக்க வேண்டிவரலாம். செலவும் மிஷின் நிற்கும் நாட்களும் ஓனருக்குத் தாங்காது.

எக்ஸ்ரே, சிடிக்கு அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் கட்டுப்பாடு இருக்கிறது. எம்ஆர்ஐ-யில் எக்ஸ்ரே மாதிரியான கதிர்வீச்சு இல்லாததால் அது இங்கே வராது. சேரை யாரோ வந்து பரிசோதிப்பார்கள் என்று காத்திருக்க முடியாது, நாம்தான் பார்க்க வேண்டும்.

வார்டு நர்ஸ், மேலூர்:
சேர் சரி, அதிலிருந்து டேபிளுக்கு எப்படி மாற்றுவீர்கள் தம்பி? கை வைக்கும் பகுதி மேலே தூக்கவோ கழற்றவோ வர வேண்டும், ஃபுட்ரெஸ்ட் பக்கவாட்டில் திரும்ப வேண்டும். இல்லாவிட்டால் அவரை எழுப்பி நிற்க வைத்துத் திருப்ப வேண்டியிருக்கும். முதுகு வலியில் வந்தவருக்கு அது கொடுமை. டேபிளைக் கீழே இறக்கிச் சீட் உயரத்தை அதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பிளாஸ்டிக் டிரான்ஸ்ஃபர் போர்டு ஒன்றும் சேர்த்து வாங்குங்கள்.

இன்னொன்று, சீட் 24 இன்ச் என்றால் சக்கரத்தோடு வெளி அகலம் 32 இன்ச் அளவுக்கு வரும். எங்கள் பழைய ஆஸ்பத்திரியில் பெரிய சேர் வாங்கிவிட்டு, உடை மாற்றும் அறைக் கதவில் நுழையாமல் மாதக்கணக்கில் ஓரமாகக் கிடந்தது.

150 கிலோ, நானே பேஷண்ட்:
டெக்னீசியன் தம்பி, நீங்கள் அந்த அம்மாவைப் பற்றி எழுதியதைப் படித்ததும் எழுதத் தோன்றியது. எனக்குச் சேர் உடைவதைவிடக் கூச்சம், ஹாலில் நின்று சத்தமாக "வெயிட் எவ்வளவு?" என்று கேட்பது. அப்பாயின்மென்ட் போட போன் செய்யும்போதே எடையையும் சுற்றளவையும் தனியாகக் கேட்டுவிடலாமே. நான் ஒருமுறை டேபிள் வரைக்கும் போய், போருக்குள் தோள் நுழையாமல் திரும்பி வந்தேன். அன்றைக்குச் சேர் நன்றாகத்தான் இருந்தது.

ரேடியோகிராபர், 19 வருடம்:
அண்ணன் சொல்வது ரொம்பச் சரி. மிஷின் புத்தகத்தில் உங்கள் டேபிளின் எடை வரம்பைப் பாருங்கள். சில பழைய டேபிள்கள் 160 கிலோவுக்குள்ளேயே நின்றுவிடும், புதியவை 250 வரை போகும். டேபிள் தாங்காத எடைக்குச் சேர் மட்டும் வாங்கிப் பிரயோஜனம் இல்லை. நாங்கள் ஹோஸ் பைப்பில் 60 செ.மீ. வளையம் ஒன்று செய்து வைத்திருக்கிறோம். மறைவான அறையில் வைத்து அதற்குள் உடம்பு நுழைகிறதா என்று பார்த்துவிடுவோம். டேபிளும் உள்ளே இடம் பிடிக்கும், அதனால் வளையத்தில் சிக்கென்று இருந்தால் 70 செ.மீ. போர் உள்ள இடத்துக்கு அனுப்பிவிடுவோம்.

அப்புறம் பெரிய உடம்பு போர் சுவரில் ஒட்டிக்கொண்டு இருந்தாலோ, தொடையும் தொடையும் நேராகத் தொட்டாலோ சூட்டுக்காயம் வரலாம். இடையில் பேட் வைக்க மறக்காதீர்கள்.

திருமங்கலம் ரோடு டெக்னீசியன்:
எல்லோருக்கும் நன்றி. நேற்று காந்தத்தோடு கடைக்குப் போனேன். ஃபிரேமில் எங்கேயும் ஒட்டவில்லை, கடைக்காரருக்குச் சந்தோஷம். முன்சக்கரத்துக்குக் கொண்டுபோனதும் டக்கென்று ஒட்டியது. பிரேக்கிலும் அப்படியே. அவரே அசந்துபோய், "இத்தன நாள் இத நான் யோசிச்சதே இல்லை சார்" என்றார்.

எங்கள் டேபிள் வரம்பு 200 கிலோ. டேபிள் கழன்று வெளியே வராத மாடல். அறைக் கதவு 46 இன்ச், ஆனால் உடை மாற்றும் அறை 30 இன்ச்தான். அதனால் வெளி அகலம் 30 இன்ச்சுக்குக் குறைவாக உள்ள சேராகப் பார்க்கிறேன். 1.5 டெஸ்லா சான்று, 200 கிலோவுக்குக் குறையாத எடை அளவு, கை தூக்கும் வசதி, மூன்றையும் எழுத்தில் கேட்டு இரண்டு இடத்தில் கொட்டேஷன் போட்டிருக்கிறேன். ஒரு சந்தேகம்: வாசலில் ஆட்டோவிலிருந்து இறக்கி ஸ்கேன் அறைக்கு வெளியே வரை கொண்டுவர அந்தக் கடைச் சேரையே வாங்கிக்கொள்ளலாமா?

பயோமெடிக்கல், கே.கே. நகர்:
வாங்கலாம் சார், அதற்கு அது நல்ல சேர்தான். ஆனால் இரண்டும் பார்க்க ஒரே மாதிரி இருக்கக் கூடாது. ராத்திரி டியூட்டியில் புது அட்டெண்டர் ஒருவர் அவசரத்தில் மாற்றித் தள்ளிவிடுவார். கடைச் சேரின் முதுகிலும் இரண்டு கைப்பிடியிலும் சிவப்பு அடித்து, பெரிய எழுத்தில் "மேக்னெட் அறைக்குள் வராது" என்று எழுதுங்கள். அறைக் கதவுக்கு முன்னால் தரையில் மஞ்சள் கோடு ஒன்று போட்டு, சிவப்புச் சேர் அந்தக் கோட்டிலேயே நிற்க வேண்டும் என்று பழக்குங்கள். விரிசல் விட்ட பிவிசி சேரை இன்றைக்கே தூக்கிப் போட்டுவிடுங்கள். ஒட்டி வைத்து ஒல்லியானவர்களுக்கு வைத்துக்கொள்ளலாம் என்று யாராவது சொல்வார்கள், கேட்காதீர்கள்.

திருமங்கலம் ரோடு டெக்னீசியன்:
ஒட்டி வைத்துக்கொள்ளலாம் என்று ஓனர்கூடச் சொன்னார், வேண்டாம் என்றுவிட்டேன். இப்போதுதான் சேரை அறுத்துப் பழைய சாமானில் போட்டோம்.