மின்சார ரயில் பயணத்துக்கு எது: இரைச்சல் நீக்கும் ஹெட்போனா, ஒயர் இயர்போனா?

செங்கல்பட்டு வாசகி:
வணக்கம். புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கிறேன். செங்கல்பட்டிலிருந்து சென்னை கடற்கரை நிலையம் வரை தினமும் மின்சார ரயில்தான். போகும்போது ஒலிப்புத்தகம், திரும்பும்போது பாட்டு. வண்டிச் சத்தத்தில் வாசிப்பவரின் குரல் பாதி காதில் விழுவதில்லை. இரைச்சல் நீக்கும் புளூடூத் ஹெட்போன் வாங்கலாம் என்று பார்த்தால், நல்லது இருபதாயிரத்துக்கு மேல் போகிறது. ஒயர் வைத்த இயர்போனே போதும் என்கிறார் அப்பா. என் போனில் ஒயரை மாட்டும் 3.5 மி.மீ. துளை கிடையாது. என்ன செய்யலாம்?

கம்பிக்காரன்:
அப்பா சொல்வதைக் கேளுங்கள். மூன்ட்ராப் சூ, 7ஹெர்ட்ஸ் ஜீரோ போன்ற ஒயர் இயர்போன்கள் இரண்டாயிரம் ரூபாயை ஒட்டிய விலையில் கிடைக்கின்றன. வீணையின் மீட்டலையும் தபேலாவின் அடியையும் அவை பிரித்துக் காட்டும் தெளிவு, பல மடங்கு விலையுள்ள புளூடூத் ஹெட்போன்கள் பலவற்றில் கிடையாது. நீங்கள் கொடுக்கும் பணம் அங்கே பேட்டரி, சிப், மைக் என்று பங்கு பிரிகிறது. இங்கே பெரும்பகுதி ஒலிக்கே போகிறது. துளை இல்லாவிட்டால் என்ன, யுஎஸ்பி-சி இணைப்பான் சில நூறு ரூபாய்தான்.

பேட்டரியையும் யோசியுங்கள். லித்தியம் பேட்டரி சில நூறு முறை சார்ஜ் ஏறி இறங்கினாலே தளரத் தொடங்கிவிடும். பல ஹெட்போன்களில் அதை மாற்றித் தர ஆள் தேட வேண்டும். ஒயர் அறுந்தால், கழற்றி மாட்டும் வகையாகப் பார்த்து வாங்கியிருந்தால் ஒயரை மட்டும் மாற்றலாம்.

நிசப்தம் விரும்பி:
கம்பிக்காரரே, நீங்கள் சொல்லும் தெளிவெல்லாம் கதவைச் சாத்திய அறையில் சரி. அவர் கேட்பது ரயில் பெட்டிக்கு. அமெரிக்காவின் எம்ஐடி பேராசிரியர் அமர் போஸ் 1978இல் சூரிச்சிலிருந்து விமானத்தில் திரும்பும்போது, அங்கே கொடுத்த ஹெட்போனில் எஞ்சின் இரைச்சலை மீறிப் பாட்டு கேட்கவில்லை. அந்தப் பயணத்திலேயே கணக்குப் போட உட்கார்ந்தார். 1989இல் விமானிகளுக்கான இரைச்சல் நீக்கும் ஹெட்செட் விற்பனைக்கு வந்தது. இந்தச் சகோதரியின் தொல்லையும் அதேதான். பின்னணி இரைச்சலை ஒழிக்காமல் ஒலித் தரத்தைப் பற்றிப் பேசி என்ன பயன்?

கம்பிக்காரன்:
விமானம் வேறு, தாம்பரம் வண்டி வேறு. இரைச்சல் நீக்கும் ஹெட்போனில் வெளிச்சத்தத்தை மைக் பிடிக்கிறது. அதற்கு நேர்மாறான அலையை சிப் உண்டாக்குகிறது. இரண்டும் மோதி அடங்குகின்றன. 100 ஹெர்ட்ஸ் முழக்கத்தின் அலைநீளம் மூன்று மீட்டருக்கு மேல் என்பதால் அங்கே சிறு பிசகு பரவாயில்லை. 3,000 ஹெர்ட்ஸ் ஒலிக்கு அலைநீளம் பதினொரு சென்டிமீட்டர்தான். இம்மி தவறினாலும் அடங்காது. ஆகவே எஞ்சின் முழக்கம் போய்விடும். ஹாரன், சக்கரம் கிறீச்சிடுவது, சுண்டல் விற்பவரின் குரல், எதிர் இருக்கையில் ஸ்பீக்கரைத் திறந்துவைத்துப் பேசுபவர் எல்லாம் குறைந்தாலும் மிச்சமிருக்கும். ஜன்னல் திறந்த பெட்டியில் தொல்லையே அவைதாம். அந்த மேல்சுருதிச் சத்தங்களைக் காதுக்குள் இறுகப் பொருந்தும் சிலிக்கோன் முனையே நன்றாக மறித்துவிடும், மின்சாரச் செலவில்லாமல்.

நிசப்தம் விரும்பி:
மேல்சுருதியை ஹெட்போனின் மெத்தையும் மறிக்கிறதே! சிலிக்கோன் முனையால் முடியாதது கீழ்ச்சுருதி முழக்கம். வாசிப்பவரின் குரலை அமுக்குவதில் அதற்கும் பெரிய பங்கு உண்டு. தவிர, 2025 ஏப்ரல் முதல் கடற்கரை–செங்கல்பட்டு தடத்தில் ஏசி வண்டியும் ஓடுகிறது. கதவும் ஜன்னலும் மூடிய பெட்டியில் ஒரே சீரான உறுமல்தான். அதில் இரைச்சல் நீக்கத்தைப் போட்டுப் பார்த்துவிட்டு வந்து பேசுங்கள்.

செவியியல் மாணவி:
இரண்டு பேரும் ஒலியளவை விட்டுவிட்டீர்கள், எனக்கு அதுதான் கவலை. வாரத்துக்கு 40 மணி நேரம் என்றால் 80 டெசிபலுக்கு மேல் போக வேண்டாம் என்கிறது உலக சுகாதார அமைப்பு. 90 டெசிபலில் வாரம் 4 மணி நேரம்தான். மூன்று டெசிபல் ஏறினால் பாதுகாப்பான நேரம் பாதியாகும். காதின் வாயிலில் சும்மா தொங்கும் கடின பிளாஸ்டிக் இயர்போனில், வண்டி வேகமெடுக்கும்போதெல்லாம் கை தானாகவே ஒலியைக் கூட்டும். இறங்கிய பிறகும் காதில் 'ங்ங்' என்று ரீங்காரம் கேட்டால் அது எச்சரிக்கை. ஒலியை உணரும் உட்செவி மயிரணுக்கள் செத்துவிட்டால் மனிதருக்குத் திரும்ப முளைப்பதில்லை. எந்தப் பக்கம் போனாலும், அடைப்பில்லாத மலிவு இயர்போன் மட்டும் வேண்டாம்.

மிருதங்கப் பிரியன்:
ஒயர் சட்டையில் உரசும் சத்தம் நேரே காதுக்குள் வரும், நடக்கும்போது 'டொக் டொக்' என்று. ஒயரைக் காதுக்கு மேலே சுற்றிக்கொண்டால் பெருமளவு அடங்கும். தாளம் போட்டுப் பழகுகிறவர்களுக்கு மட்டும் புளூடூத் ஆகவே ஆகாது. அடி விழுந்து சற்றுத் தாமதித்தே சத்தம் வரும்.

செங்கல்பட்டு வாசகி:
எல்லோருக்கும் நன்றி. இன்னும் இரண்டு சந்தேகம். அலுவலக அழைப்புகள் வரும், அதற்கு எது வசதி? இரவு ஒன்பது மணிக்கு மேல் நிலையத்திலிருந்து தனியாக நடந்து வீட்டுக்கு வருவேன். அதையும் பார்க்க வேண்டும்.

கம்பிக்காரன்:
அழைப்புக்கு மைக் வைத்த ஒயரே மேல். மைக் வாய்க்குக் கிட்டே தொங்குகிறது. புளூடூத்தில் மைக் வேலை செய்யத் தொடங்கியதும் கேட்கும் ஒலியின் தரமும் பெரும்பாலும் இறங்கிவிடும். இரவு நடைக்கு ஒரு காதில் மட்டும் மாட்டிக்கொள்ளலாம்.

நிசப்தம் விரும்பி:
வெளிச்சத்தத்தை உள்ளே விடும் வசதி ஹெட்போனில் இருக்கிறது, ஒரு பொத்தான்தான். ஆனாலும் அந்த நேரத்தில் எதுவும் மாட்டாமல் நடங்கள் என்றே சொல்வேன். இதில் கம்பிக்காரரோடு எனக்குச் சண்டை இல்லை. தண்டவாளத்தைக் கடக்கும்போதும் அப்படியே. மற்றபடி என் கட்சியில் மாற்றமில்லை. தினமும் போக வர மூன்று மணி நேரமாவது அந்த முழக்கத்தில் உட்காருகிறவருக்கு இருபதாயிரம் வீண் செலவு ஆகாது.

கம்பிக்காரன்:
முதல் சம்பளக்காரரிடம் இருபதாயிரத்தைச் செலவழிக்கச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. மே மாத வெயிலில், நெரிசலில், காதை முழுக்க மூடும் அந்த மெத்தைக்குள் வியர்வை ஊறுவதையும் யாரும் சொல்லவில்லை. வியர்வையில் ஊறி ஊறி மேல்தோல் உரிந்து கழுத்தில் கறுப்புச் செதில் ஒட்டும். ஒயர் இயர்போனை முதலில் வாங்குங்கள். பெட்டியோடு வரும் மூன்று அளவு முனைகளையும் மாட்டிப் பாருங்கள். பொருந்தாத முனையில் கீழ்ச்சுருதி ஒழுகிப் போய், பாட்டு தகர டப்பா போலக் கேட்கும். சரியானது பொருந்தியும் வாசிப்பவரின் குரல் கேட்கவில்லை என்றால் நிசப்தம் விரும்பி சொல்வதற்குப் போங்கள்.

செங்கல்பட்டு வாசகி:
சனிக்கிழமை சென்னையில் மின்னணுச் சாமான் விற்கும் ரிச்சி தெருவுக்குப் போகிறேன். ஒயர் இயர்போன்தான். ஒலியளவு பாதிக்கு மேல் ஏறினால்தான் கதை கேட்கிறது என்ற நிலை வந்தால், அடுத்த போனஸ் வரை காத்திருந்து ஹெட்போன் வாங்குவேன்.

செவியியல் மாணவி:
போனின் அமைப்புகளில் ஒலியளவுக்கு உச்சவரம்பு வைக்கும் வசதி இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், வாங்கிய அன்றே போட்டுவிடுங்கள்.