இரண்டு கட்டுரைகளை ஒன்றாக்கினேன், மீளமைத்துவிட்டார்கள். எங்கே தவறினேன்?

தேன்சிட்டு:
வணக்கம். தமிழ் விக்கிப்பீடியாவில் எழுதத் தொடங்கி இரண்டு மாதம் ஆகிறது. ஒரே வேதிச் சேர்மத்துக்கு இரண்டு கட்டுரைகள் இருப்பதைப் பார்த்தேன். ஒன்றின் தலைப்பு ‘ஹைட்ரஜன்’ என்று தொடங்குகிறது, மற்றது ‘ஐதரசன்’ என்று. முதலாவதில் பயன்பாடுகள் பற்றி நல்ல பகுதி இருக்கிறது. தயாரிப்பு முறையும் மேற்கோள்களும் இரண்டாவதில்தான். தேடி வருகிறவருக்கு எது கண்ணில் பட்டாலும் பாதிதான் கிடைக்கும். அது எனக்கு உறுத்தலாக இருந்தது.

மூன்று மணி நேரம் உட்கார்ந்து, முதல் கட்டுரையின் உரையை நகலெடுத்து இரண்டாவதில் சேர்த்தேன், சொற்களைச் சீராக்கினேன். அப்புறம் முதல் கட்டுரையை வெறுமையாக்கி, அதை நீக்கக் கோரும் அறிவிப்பான நீக்கல் வார்ப்புரு இட்டேன். மறுநாள் பார்த்தால் இரண்டு பக்கமும் பழைய நிலைக்குத் திரும்பியிருந்தன. மாற்றத்தைச் சேமிக்கும்போது எழுதும் குறிப்பான தொகுப்புச் சுருக்கத்தில் “வரலாறு போய்விடும்” என்று மட்டும் எழுதியிருந்தது. என் உழைப்பு அவ்வளவுதானா? நானும் திருப்பி மீளமைக்கலாமா?

நாணல்:
உழைப்பு எங்கும் போகவில்லை. ‘வரலாறு’ தாவலைத் திறந்து உங்கள் பதிப்பின் தேதியைச் சொடுக்குங்கள், முழு உரையும் அப்படியே இருக்கும். மீளமைக்க மட்டும் வேண்டாம். நீங்கள் ஒரு முறை, அவர் ஒரு முறை என்று போனால் அது தொகுப்புப் போர் ஆகிவிடும். அதில் சரியான பக்கம் இருந்தவரும் தடைபட்டுப் போவதைப் பார்த்திருக்கிறேன். முதலில் கட்டுரையின் பேச்சுப் பக்கத்தில், அதாவது அதைப் பற்றி விவாதிக்கும் பக்கத்தில், எழுதுங்கள்.

கருவேலம்:
தேன்சிட்டு, நீங்கள் இணைத்தது தவறில்லை. இணைப்பு தேவைதான். விடுபட்டது ஒரே ஒரு வரி, கூடவே நீக்கல் வார்ப்புரு இட்டிருக்கக் கூடாது.

விக்கிப்பீடியாவின் உரை கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் வெளிவருகிறது. 2009 வரை குனூ ஆவண உரிமம் மட்டும் இருந்தது, அதன்பின் இது வந்தது. யாரும் எடுத்துக்கொள்ளலாம், மாற்றலாம், விற்கவும் செய்யலாம். ஆனால் எழுதியவர் யார் என்று காட்டியாக வேண்டும். கட்டுரையில் யாருடைய பெயரும் இருக்காது. வரலாற்றுப் பக்கம்தான் அந்தக் கையெழுத்து. நீங்கள் நகலெடுத்து ஒட்டியதும், இரண்டாம் கட்டுரையின் வரலாற்றில் அத்தனை பத்திகளும் உங்கள் பெயரில் பதிவாகின. பழைய பக்கமும் நீக்கப்பட்டிருந்தால், முதலில் எழுதியவரின் தடயம் நிர்வாகிகளைத் தவிர வேறு யார் கண்ணிலும் படாது. மீளமைத்தவர் சொல்ல வந்தது இதுதான். இன்னும் நாலு சொல் கூடுதலாக எழுதியிருக்கலாம்.

அதனால் இப்படிச் செய்யுங்கள். இரண்டு கட்டுரைகளிலும் ஒன்றிணைப்பு வார்ப்புரு இட்டு, பேச்சுப் பக்கத்தில் காரணத்தைச் சொல்லி, சில நாள் பொறுங்கள். மறுப்பு வராவிட்டால் உங்கள் பதிப்பை மீண்டும் இடுங்கள். தொகுப்புச் சுருக்கத்தில், எந்தக் கட்டுரையிலிருந்து உரையை எடுத்தீர்கள் என்பதை இரட்டைச் சதுர அடைப்பில் இணைப்பாகக் கொடுத்து, ஆசிரியர்களை அதன் வரலாற்றில் காணலாம் என்று எழுதுங்கள். பழைய பக்கத்தை நீக்கக் கூடாது. அதில் #வழிமாற்று என்று இட்டு, அருகில் புதிய தலைப்பை இரட்டைச் சதுர அடைப்பில் எழுதினால் போதும், பழைய தலைப்புக்கு வருகிறவர் தானாகப் புதிய கட்டுரைக்குப் போய்விடுவார். வரலாறு அதனடியில் பத்திரமாக இருக்கும்.

வழிமாற்றில் இன்னொரு நன்மையும் உண்டு. ‘ஹைட்ரஜன்’ என்று தேடுகிறவருக்கு ‘ஐதரசன்’ என்ற தலைப்பு சிக்குவது கடினம், எழுத்துகளே வேறு. இந்த இரட்டைக் கட்டுரைகளே பெரும்பாலும் அப்படித்தான் பிறக்கின்றன. எந்த எழுத்துக்கூட்டலைத் தலைப்பாக வைப்பது என்பது தனி விவாதம், அதை இந்த வேலையோடு கலக்காதீர்கள்.

தேன்சிட்டு:
இப்போதுதான் புரிகிறது, மிக்க நன்றி. இதற்கு முன் இன்னொரு கட்டுரையிலும் சுருக்கம் எழுதாமல் இதையே செய்திருக்கிறேன், அதை யாரும் கவனிக்கவில்லை. சேமித்த சுருக்கத்தைத் திருத்த முடியுமா? நிர்வாகியிடம் சொல்லி வரலாறுகளை இணைக்கச் சொல்லலாமா?

கருவேலம்:
சேமித்த சுருக்கத்தைத் திருத்த முடியாது. அந்தக் கட்டுரையில் சிறு தொகுப்பு ஒன்று செய்து, “இன்ன தேதியில் சேர்த்த உரை இன்ன கட்டுரையிலிருந்து வந்தது” என்று அதன் சுருக்கத்தில் எழுதிவிடுங்கள். எதையும் மாற்றாமல் சேமித்தால் வரலாற்றில் பதிவாகாது. பக்கத்தின் கடைசியில் வெற்று வரி சேர்த்தாலும் மென்பொருள் அதை வெட்டிவிடும். நடுவில் இரண்டு சொற்களுக்கு இடையே ஓர் இடைவெளி கூட்டுங்கள், அது பதிவாகும்.

வரலாற்று இணைப்பு இங்கே வேண்டாம். நகர்த்தவேண்டிய, அதாவது தலைப்பு மட்டும் மாற்றவேண்டிய, கட்டுரையை ஒருவர் வெட்டி வேறு தலைப்பில் ஒட்டிவிட்டால்தான் அது பயன்படும். உங்கள் இரண்டு கட்டுரைகளும் ஒரே காலத்தில் தனித்தனியாக வளர்ந்தவை. அவற்றின் பதிப்புகளைக் கலந்தால், அடுத்தடுத்த இரண்டு பதிப்புகளை ஒப்பிடும்போது ஒன்றுக்கொன்று தொடர்பே இருக்காது. பிரிப்பதும் பெரும்பாடு.

ஆலம்விழுது:
அந்த முதல் கட்டுரையைத் தொடங்கியவன் நான். நான்கு ஆண்டுக்கு முன், எழுதப் பழகிய புதிதில் எழுதியது. நீக்கல் அறிவிப்பு என் பேச்சுப் பக்கத்துக்கு வந்தபோது மனம் கனத்தது உண்மை. இணைப்பதில் எனக்கு முழுச் சம்மதம். பயன்பாடுகள் பகுதியில் இரண்டு இடத்தில் மேற்கோள் இல்லை, அந்த நூல் இன்னும் கையில் இருக்கிறது. பக்க எண்ணோடு சேர்த்துவிடுகிறேன்.

தேன்சிட்டு:
மன்னித்துக்கொள்ளுங்கள். உங்கள் பேச்சுப் பக்கத்தில் ஒரு வார்த்தை கேட்டிருக்க வேண்டும். இனி கேட்காமல் தொடமாட்டேன்.

நாணல்:
விக்கித்தரவை மறந்துவிடாதீர்கள். ஒரே பொருள் பற்றிய பல மொழிக் கட்டுரைகளை ‘உருப்படி’ என்ற ஒரு பக்கத்தில் இணைத்து வைக்கும் தளம் அது. ஓர் உருப்படியில் ஒரு மொழிக்கு ஒரு கட்டுரைதான் நிற்கும். இரண்டாவது தமிழ்க் கட்டுரைக்கு யாரோ தனி உருப்படி உருவாக்கியிருப்பார்கள். வழிமாற்றாகிய பக்கத்தின் இணைப்பை அதன் உருப்படியிலிருந்து எடுத்துவிட்டு, பிறகு இரண்டு உருப்படிகளையும் இணையுங்கள். இரண்டிலும் தமிழ் இணைப்பு இருந்தால் முரண் என்று நின்றுவிடும்.

தேன்சிட்டு:
பேச்சுப் பக்கத்தில் ஒரு வாரம் காத்திருந்தேன். மீளமைத்தவரும் வந்து ஆதரவு தெரிவித்தார். இன்று இணைத்துவிட்டேன், சுருக்கத்தில் இணைப்பும் கொடுத்தேன். விக்கித்தரவில் நாணல் சொன்னபடியே முரண் காட்டியது, இணைப்பை எடுத்ததும் சரியானது. ‘இப்பக்கத்தை இணைத்தவை’ பட்டியலைப் பார்த்தபோது, மூன்றாவது எழுத்துக்கூட்டலில் ஒரு வழிமாற்று பழைய தலைப்பையே காட்டிக்கொண்டிருந்தது. ஒரு வழிமாற்று இன்னொரு வழிமாற்றைக் காட்டும் இரட்டை வழிமாற்றாக நிற்காமல் அதையும் புதிய தலைப்புக்குத் திருப்பிவிட்டேன். ஆலம்விழுதின் மேற்கோள்கள் சேர்ந்ததும் ‘சான்று தேவை’ குறிகளை எடுத்துவிடுகிறேன்.