மறு: கர்வ்டு மெஷ்ஷுக்கு ‘வளைவலை’ சரி வருமா?

எல்லாருக்கும் வணக்கம். காத்து, தண்ணி பாயறதைக் கணினில கணக்குப் போட இடத்தைச் சின்னச் சின்னத் துண்டா பிரிப்போமே, அந்த வலைதான் மெஷ்; அதுல துண்டுகளே வளைஞ்சிருந்தா கர்வ்டு மெஷ். அதுக்குத் தமிழ்ப் பேர் தேடற இந்தப் பேச்சை ரெண்டு நாளா படிச்சிட்டு மட்டும் இருந்தேன், இனிமே தாங்காது, எழுதிடறேன்.

> ‘வளைந்த வலை’, சுருக்கமா ‘வளைவலை’. எளிமையாத்தானே இருக்கு, என்ன குறை?

முதல்ல லகரமும் ளகரமும் இடிச்சுக்குது, சொல்ற பாதிப் பேர் வாயில ‘வலைவளை’ன்னுதான் வரும். அதைக்கூட விட்டுடலாம். எந்த வலைதான் வளையாது சொல்லுங்க? இறக்கையைச் சுத்திப் போடற சாதா மெஷ்ஷும் மொத்தமா பாத்தா இறக்கையோட வளைவை ஒட்டித்தான் போகுது, ஆனா கிட்ட போய்ப் பாத்தா ஒவ்வொரு முக்கோணமும் ஸ்கேல் வச்சுக் கோடு போட்ட மாதிரி நேர் நேரா இருக்கும். நாம பேர் தேடறது மொத்த வலை வளையறதுக்கு இல்ல, உள்ள இருக்கற துண்டு ஒவ்வொண்ணும் தானே வளைஞ்சு நிக்கறதுக்கு.

இதை நான் பிடிச்சுத் தொங்கறதுக்குக் காரணம் இருக்கு. 1997ல பாஸி, ரெபேன்னு ரெண்டு பேர் உராய்வே இல்லாத பாய்வை ஒரு வட்டத்தைச் சுத்தி ஓட விட்டு, தொடர்ச்சியற்ற கேலர்கின் முறையில (துண்டுக்குத் துண்டு தனித்தனி பல்லுறுப்புக்கோவை வச்சுக் கணக்குப் போடற முறை) கணக்குப் போட்டாங்க. எல்லையை நேர்கோட்டுத் துண்டா வச்சப்ப வட்டத்துக்குப் பின்னாடி பாய்வுல வேகம் குறைஞ்ச ஒரு வால் நிக்குது, உராய்வு இல்லாத பாய்வுல அது வரவே கூடாது, துண்டைப் பொடிசாக்கியும் சரியாகல. எல்லையை ஒட்டின துண்டுகளை வளைச்சதும் சரியாயிடுச்சு. அதனால பேர்ல வளைவு துண்டுக்குச் சொந்தம்னு தெரியணும்.

> ஹை-ஆர்டருக்கு ‘உயர்வரிசை’

வேண்டாங்க. ஹை-ஆர்டர்னா ஒவ்வொரு துண்டுக்குள்ளயும் பாய்வை உயர்ந்த படி பல்லுறுப்புக்கோவையால எழுதற முறை. பள்ளிக்கூடத்துலயே வகைக்கெழுச் சமன்பாட்டுக்கு ‘வரிசை’ வேற ‘படி’ வேறன்னு பிரிச்சுச் சொல்லிக் குடுத்திருக்காங்க, பல்லுறுப்புக்கோவைக்கு எப்பவும் படிதான். இங்க நாம உயர்த்தறது பல்லுறுப்புக்கோவையோட படியை. இன்னொண்ணு, படி 3 வச்சா வழுவழுன்னு இருக்கற பாய்வுல பிழை பொதுவா துண்டு அளவோட நாலாம் அடுக்கா குறையும், அதனால ஒருத்தர் இதை மூணாம் ஆர்டர்ங்கறார், இன்னொருத்தர் நாலாம் ஆர்டர்ங்கறார், ரெண்டு பேரும் சரிதான், கேக்கறவன் தலைதான் சுத்துது. தமிழ்ல ‘படி 3, துல்லிய வரிசை 4’ன்னு எழுதிட்டா குழப்பமே இல்ல. ஆங்கிலத்துல இல்லாத வசதி நம்மகிட்ட இருக்கறப்ப ஏன் விடணும்? ஆக, ‘உயர்படி’.

> நீங்க போன வாரம் சொன்ன ‘வளைவிளிம்பு வலை’ முப்பரிமாணத்துக்குப் பத்தாது, அங்க முகமும் வளையும்

ஒத்துக்கறேன், நான் தட்டையான படத்தை மட்டும் மனசுல வச்சுக்கிட்டு சொல்லிட்டேன். அதனால இப்ப என் சொல் ‘வளைகண் வலை’. வலையோட ஓட்டைக்குக் கண்ணுன்னு நம்ம ஆளுங்க ஏற்கெனவே பேர் வச்சாச்சு, சின்னக் கண் வலை பெரிய கண் வலைன்னு சொல்றோமே அதே தான். விளிம்பு, முகம், உள்பக்கம் எது வளைஞ்சாலும் கண்தான் வளையுது. பழைய மெஷ் ‘நேர்கண் வலை’. எலிமென்ட்டுக்கு, அதாவது இந்தத் துண்டுக்கு, ‘தனிமம்’னு போட்டு வேதியியலோட முட்டிக்க வேண்டிய அவசியமும் இல்ல.

அடுத்தது, இதுவரைக்கும் யாரும் தொடாதது, கண் உள்ளே வெளியா புரண்டு போறதுக்கு என்ன சொல்றது? ஒரு மீட்டர் ஆரமுள்ள வளைவுல 20 செ.மீ. நீளத்துக்கு ஒரு நேர் விளிம்பு இருக்குன்னு வைங்க, நடுவுல நிஜப் பரப்புக்கும் அந்த விளிம்புக்கும் 5 மி.மீ. இடைவெளி வரும். ஆனா எல்லைப்படலத்துல (பரப்பை ஒட்டி உராய்வால பாய்வு மெதுவாகற மெல்லிய அடுக்கு) சுவரை ஒட்டின கண்ணோட உயரம் ஒரு மி.மீ.ல நூறுல ஒரு பங்குதான், சில சமயம் அதுவும் கிடையாது. அடி விளிம்பை மட்டும் பரப்போட ஒட்ட வச்சா அது மேல் விளிம்பைப் பொத்துக்கிட்டு அடுக்கடுக்கா மேல போயிடும், ஜாகோபியன் (நேர்கண்ணை வளைகண்ணா மாத்தறப்ப அளவு எத்தனை மடங்காகுதுன்னு சொல்ற எண்) எதிர்க்குறி ஆயிடும், அப்புறம் கணக்கு அவ்வளவுதான். அதான் சுவர்ல குடுக்கற வளைவை உள்ள இருக்கற அடுக்குகளுக்கும் கடத்தணும், பெர்சனும் பெராய்ரேயும் 2009ல காட்டின மாதிரி மொத்த வலையையும் ஒரு ரப்பர் கட்டியா நெனச்சு அமுக்கறது அதுல ஒரு வழி.

இப்படிப் புரண்ட கண்ணுக்கு ‘மடிந்த கண்’. துணி மடியற மாதிரியே வெளி தன் மேலயே மடியுது, அர்த்தம் அப்படியே உக்காருது. அதைச் சரி பண்றது ‘மடிப்பு நீக்கல்’. மடியறதுன்னா சாகறதுன்னும் அர்த்தம் இருக்கேன்னு யாராவது கேப்பீங்க, ராத்திரி முழுக்கக் கணக்கை ஓட விட்டுக் காலைல வந்து பாத்தவங்களைக் கேளுங்க, அந்த அர்த்தமும் தப்பில்ல.

ஒரே ஒரு சிக்கல். நோடுக்கு, அதாவது துண்டோட வடிவத்தையும் பாய்வையும் குறிச்சு வைக்கற புள்ளிக்கு, ‘கணு’ன்னு நம்ம கலைச்சொல் பட்டியல்ல இருக்கு, நல்ல சொல்தான், ஆனா கண்ணும் கணுவும் ஒரே வரில வந்தா படிக்கறவங்க தடுக்கி விழுவாங்க. படி 3 முக்கோணத்துல மட்டும் பத்து நோடு, மூலைக்கு ஒண்ணா மூணு, விளிம்புக்கு ரெண்டா ஆறு, நடுவுல ஒண்ணு, அதனால இந்த வார்த்தை பக்கத்துக்குப் பக்கம் வரும். இங்க மட்டும் ‘புள்ளி’ன்னு வச்சுக்கலாம்கறேன். கணுவை விடவே மாட்டேங்கறவங்க ‘வளைகண்ணின் கணுக்கள் கண்ணுக்குக் கண் மாறும்’னு வேகமா மூணு தடவை சொல்லிப் பாத்துட்டு பதில் போடுங்க.