பழகிய ஹிமாலயனை எக்ஸ்சேஞ்சில் கொடுக்கலாமா? கடைமடையிலிருந்து ஓர் அனுபவம்

நான் காவிரிப் பாசனத்தின் கடைமடையான திருத்துறைப்பூண்டிப் பக்கம் பணிபுரியும் கால்நடை மருத்துவன். 2017-இல் வாங்கிய ராயல் என்ஃபீல்டு ஹிமாலயன் 411 என்னிடம் இருக்கிறது. அதை எக்ஸ்சேஞ்சில் கொடுத்துவிட்டு ஹிமாலயன் 450 எடுப்பதா, பழையதையே சீர்செய்து வைத்துக்கொள்வதா என்று சில மாதங்களாக யோசித்து, இப்போது ஒரு முடிவுக்கு வந்திருக்கிறேன். இதே யோசனையில் இருப்பவர்களுக்கு என் முடிவைவிட அதற்கு நான் வந்த வழி பயன்படக்கூடும் என்பதால் விரிவாகவே எழுதுகிறேன்.

மலையே இல்லாத ஊரில் மலைப்பாதைக்கான இத்தகைய வண்டி எதற்கு என்று கேட்பவர்கள், ஐப்பசியிலோ கார்த்திகையிலோ எங்கள் பக்கம் வந்து பார்க்க வேண்டும். தார்ச்சாலை ஓரிடத்தில் முடிந்துவிடும். அதற்கு அப்பால் வாய்க்கால் கரைதான் வழி. கோடையில் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும் களிமண், வடகிழக்குப் பருவமழை இரண்டு நாள் விடாமல் பெய்துவிட்டால் சக்கரத்தோடு அப்பிக்கொண்டு, சாதாரண வண்டிகளில் மட்கார்டுக்கும் டயருக்கும் நடுவே அடைத்துச் சக்கரத்தையே சுழலவிடாமல் செய்துவிடும். ஒரு பக்கம் ததும்பி ஓடும் வாய்க்கால், மறு பக்கம் சம்பா நட்ட வயல், நடுவே நான்கடி அகலக் கரை. உம்பளச்சேரிப் பசு ஒன்று கன்று ஈன முடியாமல் தவிக்கிறது என்று இரவில் அழைப்பு வந்தால், அந்தக் கரையில் காரைக் கொண்டுபோக முடியாது. ஸ்கூட்டரின் சிறிய சக்கரமோ பாதி வழியில் புதைந்துவிடும். முன்னால் 21 அங்குலச் சக்கரமும், அடியில் 220 மில்லிமீட்டர் தரை இடைவெளியும், நடக்கும் வேகத்தில்கூட அணையாமல் இழுக்கும் இஞ்சினும் கொண்ட வண்டி எனக்கு ஆடம்பரமாக ஒருநாளும் இருந்ததில்லை. பக்கப் பெட்டிகளில் கால்சியம் பாட்டில்களும் பேறுகாலக் கயிறுகளும் இல்லாமல் நான் அதை வெளியே எடுப்பதே அரிது.

இந்த வண்டியை நான் எவ்வளவு நம்புகிறேன் என்பதைச் சொல்ல ஒரு நிகழ்வு போதும். 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் வேதாரண்யத்தை ஒட்டிக் கரையைக் கடந்தது. விடிந்தபோது தென்னந்தோப்புகள் அப்படியே சாய்ந்து கிடந்தன; மின்கம்பங்களும் மரங்களும் விழுந்து சாலைகள் அடைபட்டிருந்தன. இறந்த மாடுகளையும் ஆடுகளையும் கணக்கெடுப்பது ஒருபுறமிருக்க, கொட்டகை சரிந்து காயம்பட்ட மாடுகளுக்கு உடனே மருந்து போய்ச் சேர வேண்டியிருந்தது. சாலையின் குறுக்கே கிடந்த ஒரு தென்னையின் இரு பக்கமும் அந்த ஊர் இளைஞர்கள் மட்டைகளை அடுக்கிச் சாய்வு அமைத்துக் கொடுத்தார்கள். முன் சக்கரம் ஏறி மறுபக்கம் இறங்கியதும், இஞ்சினுக்கு அடியிலுள்ள காப்புத் தகடு மரத்தின் மேல் உட்கார்ந்துகொண்டது. இரண்டு பேர் பின்னாலிருந்து தூக்கிவிட, தகடு பட்டையை உரித்துக்கொண்டே நகர்ந்து வண்டி மறுபக்கம் வந்து சேர்ந்தது. தகட்டில் அன்று விழுந்த நசுங்கல் இன்னமும் இருக்கிறது. இஞ்சினில் ஒரு கீறலும் இல்லை.

ஆனாலும் மாற்றும் எண்ணம் வந்ததற்கு வலுவான காரணங்கள் இருந்தன. முதலாவதும் முக்கியமானதும் ஏபிஎஸ், அதாவது பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் அமைப்பு. என் வண்டி, ஹிமாலயனில் ஏபிஎஸ் வருவதற்கு முந்தையது. சம்பா அறுவடைக்குப் பின் வயலில் விளையும் உளுந்தையும் பயறையும், வாகனங்கள் மிதித்துக் காய்கள் உடையட்டும் என்று எங்கள் பகுதியில் செடியோடு சாலையிலேயே பரப்பிவிடுவார்கள். அந்தப் பரப்பின் மேல் பிரேக்கைச் சற்று அழுத்திப் பிடித்தால் பின் சக்கரம் பூட்டிக்கொண்டு வண்டி பக்கவாட்டில் நழுவும். பின் விளக்கு இல்லாத டிராக்டர் டிரெய்லர் இரவில் திடீரென்று முன்னே நிற்பதும் இங்கே வழக்கமான ஒன்றுதான். இரண்டாவது காரணம் பெட்ரோல். இப்போது பங்குகளில் கிடைப்பது 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல்; 2017-இன் வண்டி அதற்காக வடிவமைக்கப்பட்டதல்ல. எத்தனால் ஈரத்தை ஈர்க்கும், பழைய ரப்பர் குழாய்களையும் சீல்களையும் நாளடைவில் கெடுக்கக்கூடும் என்பதால், மழைக்காலத்தில் டேங்க்கில் பெட்ரோலை வாரக்கணக்கில் தேக்கி வைக்காமல் பார்த்துக்கொள்கிறேன். மூன்றாவது, 411-இன் உற்பத்தி நின்றுவிட்டது. நான்காவது, கடற்கரையோரம் எங்கு திரும்பினாலும் சீமைக்கருவேல முள். ட்யூப் உள்ள சக்கரத்தில் முள் ஏறினால், மெயின் ஸ்டாண்டு போட்டு, சக்கரத்தைக் கழற்றி, லீவரால் டயரை நெம்பி ட்யூபை வெளியே எடுக்கும்வரை காத்திருக்கிற மாடு காத்திருக்க வேண்டியதுதான். புதிய 450-இல் ட்யூப்லெஸ் ஆரக்கால் சக்கரம் கிடைக்கிறது என்பதே என்னை ஷோரூம் வாசல்வரை இழுத்துப் போனது என்று சொல்லலாம்.

கும்பகோணத்திலுள்ள நண்பர் ஒருவர் சென்ற ஆண்டு தம்முடைய 411-ஐக் கொடுத்துவிட்டு 450 எடுத்தவர். அவர் தம் வண்டியை ஒரு பகல் முழுவதும் என்னிடம் கொடுத்து, எங்கு வேண்டுமானாலும் ஓட்டிப் பாருங்கள் என்றார். ஷோரூமில் தரும் கால் மணி நேர ஓட்டத்தை வைத்து யாரும் முடிவெடுக்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. அந்த வகையில் அவர் எனக்குச் செய்தது பெரிய உதவி. தஞ்சாவூர் - திருச்சி நாற்கரச் சாலையில் வண்டி அருமையாக ஓடியது. 411-இன் 24.5 குதிரைத்திறன் எங்கே, இதன் 40 குதிரைத்திறன் எங்கே! நூறு கிலோமீட்டர் வேகத்தில் என் வண்டியின் கைப்பிடியும் கால்மிதியும் அதிர ஆரம்பித்துவிடும்; இதிலோ ஆறாவது கியரில் அந்த வேகம் ஒரு பொருட்டாகவே தெரியவில்லை. பிரேக்கும் சஸ்பென்ஷனும் ஒரு தலைமுறை முன்னேறியவை.

பிறகு கல்லணையைத் தாண்டிக் கொள்ளிடக் கரைக்கு வண்டியைக் கொண்டுபோனேன். முந்தைய நாள் மழையில் கரை நனைந்திருந்தது. அங்கேதான் எனக்கு வேறுபாடு புரிந்தது. 411-இன் 32 நியூட்டன் மீட்டர் இழுவிசை (டார்க்), இஞ்சின் நிமிடத்துக்கு 4,000 சுற்றுகளை ஒட்டியே முழுமையாகக் கிடைத்துவிடுகிறது; 450-இன் 40 நியூட்டன் மீட்டருக்கு 5,500 சுற்றுகள் வேண்டும். சேற்றில் ஊர்ந்து போகும்போது எனக்குப் பழக்கமான அந்தத் தாழ்ந்த இழுவை இதில் இல்லாததால், கிளட்சைப் பாதி பிடித்தபடியே ஓட்ட வேண்டியிருந்தது. இருக்கையின் உயரமும் 800-இலிருந்து 825 மில்லிமீட்டர் ஆகியிருக்கிறது. ஒரு விரற்கடை வேறுபாடுதானே என்று தாளில் படிக்கும்போது தோன்றும். சரிவான கரையில் வழுக்கும்போது கால் தரையைத் தொடுகிறதா இல்லையா என்பதை அந்த விரற்கடைதான் தீர்மானிக்கிறது. நெடுஞ்சாலைக்கும் மலைப்பாதைக்கும் 450 மிகச் சிறந்த வண்டி என்பதில் எனக்கு எள்ளளவும் ஐயமில்லை. என் வேலை நடக்கும் இடமோ வாய்க்கால் கரை.

இத்தனைக்குப் பிறகும், ஏபிஎஸ்ஸுக்காக மாற்றிவிடலாம் என்ற எண்ணத்துடன்தான் மதிப்பீட்டுக்குப் போனேன். மதிப்பிட வந்த இளைஞர் ஆர்.சி. புத்தகத்தில் ஆண்டைப் பார்த்தார், ஓடோமீட்டரைப் பார்த்தார், குனிந்து காப்புத் தகட்டின் நசுங்கலை செல்பேசியில் படம் எடுத்துக்கொண்டார், எழுபதாயிரம் என்றார். ஒவ்வொரு ஆயில் மாற்றத்தையும், வால்வு இடைவெளி சரிபார்த்த தேதியையும், மாற்றிய ஒவ்வொரு பேரிங்கையும் எழுதி வைத்திருக்கும் நோட்டுப் புத்தகத்தை நீட்டினேன். அவர் அதைப் புரட்டிக்கூடப் பார்க்கவில்லை. சந்தையில் பல்லைப் பிடித்துப் பார்த்துவிட்டு மாட்டுக்கு விலை சொல்கிற தரகரைப் போல, அந்தப் பசு எத்தனை ஈற்று ஈன்றது, எப்படிக் கறந்தது என்பதெல்லாம் அவர் கணக்கில் வரவில்லை. அந்த இளைஞர்மேல் எனக்கு வருத்தம் ஒன்றுமில்லை; ஆண்டையும் ஓட்டத்தையும் கொண்டு விலை போடுவதே அந்த முறையின் இயல்பு. அதே ஆண்டில் வாங்கி, ஆயில்கூட ஒழுங்காக மாற்றாமல் ஓட்டிய வண்டிக்கும் ஏறக்குறைய இதே விலைதான் கிடைக்கும். ஆகவே, வண்டியை எவ்வளவு கவனமாகப் பராமரித்திருக்கிறோமோ அவ்வளவு இழப்பு எக்ஸ்சேஞ்சில் நமக்குத்தான். கையில் நல்ல வண்டி இருப்பவர்கள், கொடுப்பதென்று முடிவுசெய்தால், அதன் வரலாற்றை அறிந்து வாங்கக்கூடிய ஒருவருக்கு நேரடியாகவே விற்க வேண்டும் என்பதை இங்கே நான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன்.

இதில் இன்னொரு ஆபத்தும் உண்டு. நாகப்பட்டினத்தில் ஆசிரியராக இருக்கும் ஒரு நண்பர், எக்ஸ்சேஞ்சின்போது பெயர் மாற்றத்துக்கான 29, 30 ஆம் எண் படிவங்களை நிரப்பாமலே அவற்றில் கையொப்பமிட்டுக் கொடுத்துவிட்டு வந்தார். வண்டி ஒரு புரோக்கர் வழியாக வேறு மாவட்டத்துக்குப் போய்விட்டது. பெயர் மாற்றம் மட்டும் நடக்கவில்லை. பல மாதங்கள் கழித்து, ஹெல்மெட் அணியாததற்கான அபராதக் குறுஞ்செய்தி அவருடைய செல்பேசிக்கு வந்தது. அபராதத்தோடு போனது நல்லூழ் என்றே சொல்ல வேண்டும். விபத்து நேர்ந்திருந்தால், பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவரே உரிமையாளர் என்ற நிலையில் இழப்பீட்டுப் பொறுப்பு அவர் தலையில் விழுந்திருக்கும். உச்ச நீதிமன்றம் 2018-இல் நவீன் குமார் வழக்கில் இதைத் தெளிவாகவே சொல்லியிருக்கிறது. விற்ற 14 நாட்களுக்குள் பதிவு அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும் என்கிறது மோட்டார் வாகனச் சட்டம். பெயர் மாறிவிட்டதை அரசின் பரிவாகன் இணையதளத்தில் கண்ணால் பார்க்கும்வரை விற்பனை முடிந்ததாக எண்ண வேண்டாம். அதேபோல், இழப்பீடு கோராத ஆண்டுகளுக்காக இன்ஷூரன்ஸில் சேர்ந்திருக்கும் நோ கிளெய்ம் போனஸ் என்ற தள்ளுபடி நமக்கு உரியது, வண்டிக்கு உரியதல்ல. கொடுக்கும்போது அதற்கான சான்றைக் கேட்டு வாங்கிப் புதிய பாலிசியில் கழித்துக்கொள்ளலாம்.

விலை நிலவரத்தையும் சொல்லிவிடுகிறேன். 2025 செப்டம்பர் 22 முதல் 350 சிசி வரையிலான வண்டிகளுக்கு ஜிஎஸ்டி 28-இலிருந்து 18 சதவீதமாகக் குறைந்தது. அதற்கு மேற்பட்டவற்றுக்கு, செஸ் என்ற கூடுதல் வரி உட்பட 31-ஆக இருந்தது 40 சதவீதமாக உயர்ந்தது. 452 சிசி கொண்ட ஹிமாலயன் 450 இரண்டாம் வகையில் வருகிறது. தமிழ்நாட்டில் ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட இருசக்கர வாகனங்களுக்கு 12 சதவீதச் சாலை வரி வேறு. எல்லாம் சேர்ந்து மூன்றரை லட்சத்தைத் தாண்டுகிறது.

கடைசியாக முத்துப்பேட்டையில் எங்கள் மெக்கானிக் பாயிடம் வண்டியைக் கொண்டுபோய் நிறுத்தி, மனத்தில் ஒன்றும் வைத்துக்கொள்ளாமல் உண்மையைச் சொல்லும்படி கேட்டேன். அவர் கம்ப்ரெஷன் பார்த்தார். வால்வு இடைவெளி பார்த்தார். ஆயிலைத் திறந்து வெள்ளைத் துணியில் வடித்து இரும்புத் தூள் இருக்கிறதா என்று வெயிலில் பிடித்துப் பார்த்தார். "டாக்டர், இஞ்சின்ல ஒரு குறையும் இல்ல. உப்புக்காத்துதான் வண்டியத் திங்குது" என்றார். அகஸ்தியம்பள்ளி உப்பளப் பக்கம் போய்வரும் எந்த வண்டிக்கும் ஆரக்கால் கம்பிகளின் முனையும், செயினும், சைலன்சர் மூட்டுகளும்தான் முதலில் துருப்பிடிக்கும். அவர் எழுதிக் கொடுத்த பட்டியல்: இரண்டு சக்கரத்துக்கும் புதிய ஆரக்கால்கள், செயின் ஸ்ப்ராக்கெட், கோன் செட், கிளட்ச் தட்டுகள், பிரேக் குழாய்கள், பெட்ரோல் குழாய்கள், டயரும் தடித்த ட்யூபும். புதிய 450-க்கு நான் கட்ட வேண்டிய சாலை வரித் தொகைக்குள்ளேயே இவ்வளவும் முடிந்துவிட்டது.

ஆகவே வண்டியை வைத்துக்கொண்டேன். ஏபிஎஸ் இல்லாத குறை அப்படியே இருக்கிறது என்பதை நான் மறக்கவில்லை. அதனால் இரவில் நெடுஞ்சாலைக்கும் கிழக்குக் கடற்கரைச் சாலைக்கும் இதை எடுப்பதில்லை என்று முடிவுசெய்திருக்கிறேன். சென்னைக்கு ரயில் இருக்கிறது. மாதந்தோறும் சென்னை போய்வரும் அந்தக் கும்பகோணத்து நண்பரைப் போன்றவர்கள் மாற்றத்தான் வேண்டும், அவர் செய்ததும் முற்றிலும் சரி. பதிவு 2032 வரை செல்லும். அதற்கு முன்பே, சேற்றில் சாய்ந்த இருநூறு கிலோ வண்டியை நான் ஒருவனாக நிமிர்த்த முடியாமல் போகும் நாள் வந்தால், 450-ஐ நோக்கிப் போக மாட்டேன். சுமார் 160 கிலோ எடையுள்ள ஹீரோ எக்ஸ்பல்ஸ் 200 போன்ற ஒன்றை எடுப்பேன். அப்போது இந்த ஹிமாலயன், நோட்டுப் புத்தகத்தோடு சேர்த்து, இப்பகுதிக்குப் புதிதாகப் பணிக்கு வரும் இளம் மருத்துவர் யாருக்காவது போகும்.

450-இன் ட்யூப்லெஸ் ஆரக்கால் சக்கரத்தை வேதாரண்யம், கோடியக்கரை போன்ற உப்புக்காற்றுப் பகுதியில் இரண்டு மழைக்காலமாவது ஓட்டியவர்கள் இருந்தால், விளிம்பில் துரு ஏறுகிறதா, கருவேல முள் ஏறிய பிறகு காற்று எவ்வளவு நேரம் நிற்கிறது என்பதை எழுதுங்கள்.