குளோபுலர் புரதம்: ‘உருண்டைப் புரதம்’ என்பதற்கு ஆதரவாகச் சில சொற்கள்

வணக்கம்.

சங்கிலி மடிந்து உருண்டுபோன வடிவில் இருக்கும் குளோபுலர் புரதத்துக்குத் (globular protein) தமிழ்ச் சொல் தேடும் இந்த இழையில் ‘கோளப் புரதம்’, ‘திரள் புரதம்’, ‘நூலுருண்டைப் புரதம்’ என மூன்று சொற்கள் வந்துள்ளன. மூன்றையும் பொருளோடு ஒப்பிட்டுப் பார்த்தபின், ‘உருண்டைப் புரதம்’ என்னும் எளிய சொல்லே போதும் என்று எனக்குத் தோன்றுகிறது.

கோளம் என்றதும் மாணவர் மனத்தில் எழுவது கணிதக் கோளம். ஆனால் முப்பரிமாண அமைப்பு முதன்முதலில் தெரியவந்த புரதமாகிய மயோகுளோபினின் நீளம், அகலம், தடிமன் ஏறத்தாழ 4.5, 3.5, 2.5 நானோமீட்டர்; அது சரியான கோளம் அன்று. 1958இல் ஜான் கென்ட்ரூவும் அவருடைய குழுவினரும் எக்ஸ்கதிர்ப் படிகவியலால் அதன் முதல் மாதிரியை வெளியிட்டபோது, எதிர்பார்த்த ஒழுங்கும் சமச்சீரும் அதில் இல்லாததே அவர்களை வியக்கவைத்தது. எள்ளுருண்டையைக் கையில் எடுப்பவர் யாரும் அது எல்லாப் பக்கமும் ஒரே அளவாக இருக்கிறதா என்று பார்ப்பதில்லை. அந்த நெகிழ்வுதான் இங்கே வேண்டியது.

‘திரள்’ அழகான சொல். அதை ஏற்க எனக்கும் ஆசைதான். ஆயினும், வெண்ணெய் திரண்டுவரும்போது தாழி உடைந்த பழமொழியில் உள்ளதுபோல, பல துணுக்குகள் கூடிக் கட்டியாவதையே அது முதலில் நினைவூட்டுகிறது. இங்கே நடப்பதோ ஒரு அமினோ அமிலச் சங்கிலி தன்மீதே மடிவது. நீரை விலக்கும் பக்கத்தொகுதிகள் பெரும்பாலும் உள்ளே ஒடுங்க, நீரை நாடுபவை வெளியே நிற்பதால், இவ்வகைப் புரதங்கள் பல நீரில் கரைந்து குருதியிலும் செல்லுக்குள்ளும் உலவ முடிகிறது. முட்டை வெள்ளைக்கருவிலுள்ள ஓவால்புமினை எடுத்துக்கொள்வோம். வேகவைத்தால் மடிப்புகள் குலைந்து, உள்ளிருந்த நீர்விலக்கும் பகுதிகள் வெளிப்பட்டு, சங்கிலிகள் ஒன்றோடொன்று சிக்கிக் கெட்டியாகின்றன. அந்நிலையைத்தான் ‘திரண்டுவிட்டது’ என்று சொல்லத் தோன்றும். உருண்டை வடிவம் அழிந்த நிலைக்குப் பொருந்தும் சொல்லை அவ்வடிவத்துக்கே பெயராக்குவது குழப்பம் தரும்.

‘நூலுருண்டை’யில் சங்கிலி என்னும் கருத்து நன்றாக வருகிறது. ஆனால் நூலை எப்படிச் சுற்றினாலும் உருண்டைதான். புரதமோ தன் அமினோ அமில வரிசைக்குரிய மடிப்பையே எடுக்கிறது. உயிர்வேதியியலாளர் கிறிஸ்டியன் ஆன்ஃபின்சன் 124 அமினோ அமிலங்கள் கொண்ட ரிபோநியூக்ளியேஸ் என்னும் நொதியின் மடிப்பைக் குலைத்து, அது பிறகு தானே பழைய வடிவத்தை அடைந்து நொதிச் செயலை மீட்பதைக் காட்டினார். மேற்பரப்புப் பள்ளத்தில் எந்த மூலக்கூறு பொருந்தும் என்பது அம்மடிப்பைப் பொறுத்தது. நொதிக்கும் பிறபொருளெதிரிக்கும் அதுவே வேலையின் அடிப்படை.

‘குளோபுலின்’ (globulin) என்பது உருண்டைப் புரதங்களுள் ஒரு வகுப்பின் பெயர். அதை மட்டும் இதே வேரில் பெயர்க்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். குருதியிலுள்ள ஆல்புமின் உருண்டைப் புரதமே, ஆனால் குளோபுலின் அன்று; இரண்டுக்கும் ஒரே சொல் அமைந்தால் பாடநூல் தன்னையே மறுக்க நேரும்.

கூட்டுச்சொல்லாகவும் சோதித்துப் பார்த்தேன். தசையிலும் பிற செல்களிலும் உள்ள ஆக்டின் என்னும் புரதம் தனி மூலக்கூறாக இருக்கையில் ‘உருண்டை ஆக்டின்’, பல கோத்து நீளும்போது ‘இழை ஆக்டின்’, தடங்கலின்றி வருகிறது. கொலாஜன் போன்ற ‘நார்ப் புரதம்’ எதிர்ச்சொல்லாகவும் இணங்குகிறது. இது அடுக்களைச் சொல் என்று தயங்குவோருக்கு ஒன்று: லத்தீனில் ‘குளோபுலஸ்’ என்பதும் சிறு உருண்டைதான்.

மறுப்பு இருப்பின், மாற்றுச் சொல்லை ஆக்டின் இணையிலும் பொருத்திக் காட்டி எழுதுங்கள்.