மலையில் தெரிகிற பார்வை யாருக்குச் சொந்தம்? உங்கள் ஊர் அனுபவத்தை எழுதுங்கள்

கோத்தகிரியிலிருந்து (கேட்டவர்)

கோடநாடு போகும் சாலையில் எங்கள் ஹட்டியை, அதாவது படுகர் கிராமத்தை, தாண்டியதும் ஒரு வளைவு வரும். வியூ பாயிண்ட் என்று போர்டு கிடையாது, டிக்கெட்டும் கிடையாது. ஒரு டீக்கடை, அதற்கு எதிரே சாலையோரமாக முழங்கால் உயரத்துக்கு ஒரு பழைய கல்கட்டு. அதில் உட்கார்ந்தால் தேயிலைச் சரிவு, அதற்குக் கீழே காடு, எல்லாவற்றுக்கும் கீழே மோயாறு வளைந்து வளைந்து பவானிசாகர் பக்கம் போவது தெரியும். மேகமில்லாத காலையில் தெங்குமரஹாடா வயல்கூடப் பிடிபடும். கோடநாடு காட்சிமுனையில் பார்ப்பதும் இதே ஆறுதான். அங்கே கூட்டம், இங்கே டீ.

இப்போது வளைவின் பள்ளத்துப் பக்கத் தோட்டம் கைமாறிவிட்டது. வாங்கியவர்கள் வெளியூர் பில்டர்கள். மூன்று பிளாக் அப்பார்ட்மெண்ட், எல்லா பால்கனியும் ஆற்றைப் பார்த்து. சாலையில் நிற்கிறவர்களுக்கு மிஞ்சுவது பிளாக்குகளின் முதுகும் தண்ணீர் டேங்கும் ஜெனரேட்டர் ரூமும்.

ஊரில் பேச வந்தார்கள். மரியாதையாகத்தான் பேசினார்கள், அதைச் சொல்லிவிட வேண்டும். கலர் படங்கள் காட்டினார்கள். எல்லாப் படமும் பள்ளத்தாக்கின் மேல் பறக்கும் கழுகு பார்ப்பதுபோல எடுத்தவை. எங்கள் ஊர்ப் பெண் ஒருத்தி, கல்லூரியில் படிக்கிறவள், "டீக்கடைல இருந்து பார்த்தா எப்படி இருக்கும்னு ஒரு படம் இருக்கா சார்?" என்று கேட்டாள். இல்லை. அனுப்புகிறோம் என்றார்கள், இன்னும் வரவில்லை. பிளாக்குகளுக்கு நடுவே கொஞ்சம் இடைவெளி விடுகிறோம், அதன் வழியாக ஆறு தெரியும் என்று சமாதானம் சொன்னார்கள்.

கட்டவே கூடாது என்று நான் சொல்லவில்லை. எங்கள் வீடும் ஒரு காலத்தில் யாரோ பார்த்துக்கொண்டிருந்த சரிவில்தான் நிற்கிறது. கட்டடம் வந்தும் பார்வை தப்பித்த இடம் உண்டா, எப்படித் தப்பித்தது? தெரிந்தவர்கள் எழுதுங்கள்.

கொடைக்கானலிலிருந்து, டாக்ஸி ஓட்டுகிறேன்

அண்ணா, எங்க ஊரில் ரெண்டு மாதிரியும் இருக்கிறது. கோக்கர்ஸ் வாக் எடுத்துக்கோங்க. 1872-ல் ஒரு ராணுவ அதிகாரி போட்ட நடைபாதை, சுமார் ஒரு கிலோமீட்டர். ஒரு பக்கம் கம்பி வேலி, அதற்குக் கீழே செங்குத்துச் சரிவு. கட்டடங்கள் எல்லாம் மேட்டுப் பக்கம். அதனால்தான் இன்றைக்கும் நடந்துகொண்டே பெரியகுளம் பக்கத்துச் சமவெளியைப் பார்க்க முடிகிறது. கீழே கட்ட முடிகிற சரிவாக இருந்திருந்தால் எப்போதோ கட்டியிருப்பார்கள். நகராட்சி டிக்கெட் போட்டிருக்கிறது என்று சுற்றுலாப் பயணிகள் முணுமுணுப்பார்கள். பரவாயில்லை, டிக்கெட் வாங்கினால் யாரும் பார்க்கலாமே. ரிசார்ட் கேட்டில் டிக்கெட்டே கிடையாது, "கெஸ்ட் மட்டும்" என்று வாட்ச்மேன் நிற்பார்.

ஏரியும் அப்படித்தான். மதுரையில் கலெக்டராக இருந்து ஓய்வு பெற்ற லெவிஞ்ச் துரை 1863-ல் உண்டாக்கிய ஏரி. கரையை ஒட்டிச் சுமார் அஞ்சு கிலோமீட்டருக்குச் சாலை சுற்றி வருகிறது. பங்களாக்காரர்கள் பெரும்பாலும் சாலைக்கு அந்தப் பக்கம். தண்ணீருக்கும் பங்களாவுக்கும் நடுவில் பொதுச் சாலை ஓடுவதால், சைக்கிள் வாடகைக்கு எடுக்கிற பையனும் அதே ஏரியைத்தான் பார்க்கிறான். உங்க பில்டர்கிட்ட இதைக் கேளுங்க: கல்கட்டுக்கும் கட்டடத்துக்கும் நடுவில் ஊருக்கென்று எழுதிக் கொடுக்கிற ஒரு துண்டு நிலம். வாய்ப் பேச்சு வேண்டாம், பத்திரத்தில் வரணும்.

கேஸ் போட்ட கதையும் எங்க ஊரில்தான். தொண்ணூறுகளில் ரெண்டு மாடிக்கு மேல் கூடாத இடத்தில் ஏழு மாடி ஓட்டல் ஒன்று எழுந்தது. 1985-ல் தொடங்கிய பழனி ஹில்ஸ் கன்சர்வேஷன் கவுன்சில் நீதிமன்றம் போனது. விதியைத் தளர்த்திக் கொடுத்த அரசாணையை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. 1995-ல் வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், அந்த அரசாணை பிழைக்கவில்லை. ஆனால் ஒன்று, ஜெயித்தது உயர விதி இருந்ததால்தான். "எங்க பார்வை போச்சு" என்று மட்டும் போனால் எந்த கோர்ட்டில் நிற்கும் என்று எனக்குத் தெரியாது, வக்கீல் யாராவது சொல்லணும்.

கோத்தகிரி பக்கம், நிலம் விற்றவன்

யாரும் எழுதமாட்டார்கள் என்பதால் நானே எழுதுகிறேன். கேட்டவர் சொல்லும் தோட்டம் இல்லை, வேறு ஹட்டி. ஆனால் அதே மாதிரிச் சரிவு, அதே மாதிரிப் பார்வை, நானும் விற்றேன்.

பச்சைத் தேயிலை கிலோ இருபது ரூபாயைத் தாண்டினால் எங்கள் ஊரில் அது செய்தி. உரம், மருந்து, பறிப்புக் கூலி, வண்டி வாடகை எல்லாம் போக என்ன நிற்கும்? பறிக்க ஆளும் கிடைப்பதில்லை. பிள்ளைகள் கோயம்புத்தூரிலும் பெங்களூரிலும். காட்டுமாடு வந்து மிதிக்கிறது, கரடி வருகிறது. இந்த நிலைமையில் ஒருவர் வந்து, தோட்டத்தின் மண்ணையோ தேயிலையையோ பார்க்காமல் விளிம்பில் நின்று கீழே பார்த்துவிட்டு விலை சொல்கிறார். எங்கள் அப்பா ஆயுசு முழுக்கப் பறித்துச் சம்பாதித்ததைவிட அது அதிகம்.

நான் விற்றது பார்வையைத்தான். அது எனக்குத் தெரியும், வாங்கினவருக்கும் தெரியும். ஆனால் இத்தனை வருஷம் சாலையில் காரை நிறுத்தி, என் செடிகளுக்கு நடுவே இறங்கி நின்று போட்டோ எடுத்துக்கொண்டு போனவர்களில் ஒருவராவது எனக்கு ஒரு டீ வாங்கித் தந்ததுண்டா? பார்வை பொதுச் சொத்து என்றால் அதைக் காத்துக்கொண்டிருக்கிற செலவும் பொதுவில் வரட்டும். சரிவைத் தேயிலையாகவே வைத்திருக்கிறேன் என்று எழுதிக் கொடுக்கிறவனுக்கு வருஷத்துக்கு இவ்வளவு என்று அரசோ, சுற்றுலாவில் சம்பாதிக்கிறவர்களோ கொடுத்தால் விற்காமல் இருக்க எங்களில் பாதிப் பேர் தயார். கொடுக்காமல் "மலையைக் காப்பாற்றுங்கள்" என்று சொல்வது சுலபம்.

கேத்தியிலிருந்து, கட்டட வேலை மேற்பார்வை

மேலே எழுதிய அண்ணனிடம் எனக்குச் சண்டை இல்லை. அவர் சொன்னதில் நியாயம் இருக்கிறது. நான் வேலைப் பக்கத்தைச் சொல்கிறேன்.

பள்ளத்துப் பக்க சைட் என்றால் பார்வை போய்த்தான் தீரவேண்டும் என்பதில்லை. சரிவில் இறங்கி, கீழ்ப் படியில் வீட்டை உட்கார வைத்தால் கூரை சாலை மட்டத்தோடு நின்றுவிடும். சாலையில் நிற்பவர் கூரைக்கு மேலாகப் பார்க்கலாம். குன்னூரில் பழைய பங்களாக்கள் சில இப்படித்தான், கேட் மட்டும் சாலையில் தெரியும், வீட்டைக் காணோம். இப்போது ஏன் அப்படிக் கட்டுவதில்லை? கார். வாங்குகிறவருக்குக் கார் வாசலில் நிற்கவேண்டும். அதற்காகக் கீழேயிருந்து தூண் எழுப்பி, சாலை மட்டத்தில் பார்க்கிங் தளம் போட்டு, அதற்கு மேல் வீடு. பார்வையை மறைப்பது பெரும்பாலும் ஆள் இருக்கிற மாடி இல்லை, கார் நிற்கிற ஆசை.

நீலகிரியில் நெடுங்காலமாக நாங்கள் ஏழு மீட்டர் உயர வரம்பை வைத்து வேலை செய்தவர்கள். அந்த ஏழு மீட்டரை எங்கிருந்து அளப்பது என்பதில்தான் எல்லா வித்தையும். பள்ளத்துப் பக்கத் தரையிலிருந்தா, மண் வெட்டிய பிறகு வரும் மட்டத்திலிருந்தா, சாலையிலிருந்தா? கேட்டவரே, பிளானில் மாடிக் கணக்கைப் பார்க்காதீர்கள். குறுக்கு வெட்டுப் படத்தைக் கேளுங்கள். சாலையிலிருந்து கூரை உச்சி எத்தனை மேலே, எத்தனை கீழே என்பது அதில்தான் தெரியும்.

இன்னொன்று. 1990-லேயே மலையிடங்களுக்கென்று ஹாக்கா என்கிற மலைப்பகுதிப் பாதுகாப்பு ஆணையம் வந்தது. அதன் பட்டியலில் உள்ள கிராமம் என்றால் வனத்துறை, வேளாண் பொறியியல், புவியியல் சுரங்கத் துறை என்று தடையில்லாச் சான்றுகள் வாங்கவேண்டும். மண் சரியுமா, ஓடை எங்கே போகிறது, எத்தனை சரிவு என்றெல்லாம் கேட்பார்கள், கேட்கவும் வேண்டும். 2009 நவம்பரில் எங்கள் கேத்தியில் ஒரே நாளில் 82 சென்டிமீட்டர் மழை கொட்டியது. அந்த மழையில் மாவட்டம் முழுக்க மண் சரிந்து நாற்பது பேருக்கு மேல் போனார்கள். அதற்குப் பிறகு பொக்லைன் சத்தம் கேட்டாலே எங்கள் தெருவில் ஆட்கள் வெளியே வந்து பார்ப்பார்கள். ஆனால் சாலையில் நிற்பவருக்கு என்ன தெரியும் என்று கேட்கிற ஒரு கட்டத்தை நான் பார்த்த எந்தக் கோப்பிலும் பார்த்ததில்லை.

நடைமுறையில் பார்வைக்காகப் போராடியவர்களைவிட ஓடைக்காகவும் சரிவுக்காகவும் மனுக் கொடுத்தவர்கள்தான் கட்டடத்தைத் தள்ளி வைத்திருக்கிறார்கள். உங்கள் தோட்டத்தில் ஓடைப் புறம்போக்கு ஓடுகிறதா என்று எஃப்எம்பி, அதாவது சர்வே அளவு வரைபடம், எடுத்துப் பாருங்கள்.

குன்னூர்க்காரி, இப்போது லண்டன் பக்கம்

நான் இருக்கும் இடத்திலிருந்து கொஞ்ச தூரத்தில் ரிச்மண்ட் ஹில். மேலிருந்து தேம்ஸ் ஆறு வளைந்து போவது தெரியும், கீழே பீட்டர்ஷாம் புல்வெளியில் மாடுகள் மேயும். லண்டனுக்குள்ளேயா என்று முதல் தடவை எனக்குச் சந்தேகமே வந்தது. 1901 வாக்கில் ஆற்றுக்கு அந்தக் கரையில் மார்பிள் ஹில் எஸ்டேட்டில் வீடுகள் கட்டப் போகிறார்கள் என்றதும் ஊர் கிளம்பியது. 1902-ல் பார்லிமெண்டில் சட்டமே போட்டு அந்தப் பார்வையைக் காத்தார்கள். நிலம் விற்ற அண்ணன் கவனிக்கவேண்டியது: சட்டம் மட்டும் போதவில்லை, மார்பிள் ஹில்லைப் பணம் கொடுத்து வாங்கினார்கள். பொதுக் காசும் தனியார் நன்கொடையும் சேர்ந்து.

அதே ஊரில் ஒரு மேட்டிலிருந்து சுமார் 16 கிலோமீட்டர் தள்ளி இருக்கும் செயிண்ட் பால் கோயில் கோபுரம் தெரியவேண்டும் என்று வழி காத்து வைத்திருக்கிறார்கள். மரத்தைக்கூட வெட்டி வைக்கிறார்கள். அப்படியும் 2016-ல் கோபுரத்துக்குப் பின்னால் ஒரு உயர்ந்த டவர் எழுந்து பார்வையைக் கெடுத்துவிட்டது. முன்னால் மறைப்பதை யோசித்தவர்கள் பின்னால் வருவதைச் சரியாக யோசிக்கவில்லை.

வேலை விஷயமாக ஸ்விட்சர்லாந்து போனபோது இன்னொன்று பார்த்தேன். காலி நிலத்தில் நெட்டையாகக் கம்பிகள் நட்டு வைத்திருந்தார்கள். வரப்போகும் கட்டடத்தின் மூலைகளும் உயரமும் அதில் தெரியுமாம், அனுமதிக்கு முன்பே அதை நடவேண்டுமாம். அக்கம்பக்கத்தவர் வந்து பார்த்து ஆட்சேபம் சொல்லலாம். உங்கள் ஊர்ப் பெண் கேட்ட படத்துக்குப் பதில் இதைக் கேட்கலாமே அண்ணா? நம் ஊரில் மூங்கிலுக்கா பஞ்சம்?

ஊட்டி

குறுக்கே ஒன்று. மலை ரயிலில் போகும்போது ஜன்னலில் தெரியும் கேத்திப் பள்ளத்தாக்கைப் பார்த்தால் ஒவ்வொரு சீசனுக்கும் புதுக் கூரைகள். ரயிலுக்கு 2005-ல் யுனெஸ்கோ அங்கீகாரம் வந்தது, ஜன்னலுக்கு வெளியே இருப்பதற்கு வரவில்லை. எங்கள் ஏரியிலும் ஒரு பகுதியை எடுத்துத்தான் பஸ் ஸ்டாண்டும் ரேஸ் கோர்ஸும் வந்தன. அதையெல்லாம் செய்தது அப்பார்ட்மெண்ட்காரன் இல்லை, "பொது உபயோகம்". பில்டரை மட்டும் திட்டிப் பிரயோஜனமில்லை.

குன்னூர், டால்பின் நோஸ் சாலை

எங்கள் பக்கத்தில் கட்டடம் எதுவும் வரவில்லை, காம்பவுண்ட் சுவர்தான் வந்தது. எட்டடி. உள்ளே இன்றைக்கும் வெறும் தேயிலை. சுவருக்கு அனுமதி கேட்கிறார்களா என்று யாருக்காவது தெரியுமா? கம்பி வேலி போடுங்கள் என்று கேட்டோம், காட்டுமாடு என்றார்கள். காட்டுமாட்டுக்கு எட்டடி எதற்கு?

கோத்தகிரியிலிருந்து (கேட்டவர்)

எல்லோருக்கும் நன்றி. நடந்ததைச் சொல்கிறேன்.

மூங்கில் யோசனையை ஊரில் சொன்னேன். பில்டரின் ஆட்களும் சரி என்றார்கள், பயந்தமாதிரி மறுக்கவில்லை. அவர்கள் கொடுத்த உயரத்துக்கு மூங்கில் நட்டு உச்சியில் துணி கட்டினோம். டீக்கடையில் நின்று பார்த்ததில் ஊரில் ரெண்டு அபிப்பிராயம் ஆகிவிட்டது. நடு பிளாக்கும் இடது பிளாக்கும் ஆற்றைச் சுத்தமாக மறைக்கின்றன. வலது ஓரத்துப் பிளாக் சரிவில் நன்றாக இறங்கி இருப்பதால் துணி சாலைக்குக் கீழேயே நின்றது. அதை யாரும் எதிர்க்கவில்லை. அதைப் பார்த்துவிட்டு அவர்களுடைய இன்ஜினீயரே மற்ற ரெண்டையும் ஒரு படி கீழே இறக்க முடியுமா என்று யோசிக்கிறோம் என்றார். கேத்தி அண்ணன் சொன்னதுபோலப் பிரச்சினை பார்க்கிங்கில்தான் வந்து நின்றது. காரைச் சாலை மட்டத்தில் ஓரமாக ஒரே இடத்தில் நிறுத்திவிட்டு, வீட்டுக்குப் படியிறங்கிப் போகட்டும் என்றோம். அப்படி விற்றால் விலை குறையும் என்கிறார்கள். எவ்வளவு குறையும் என்று சொல்லச் சொன்னோம்.

எஃப்எம்பியில் ஓடை இருக்கிறது. நடு பிளாக்கின் மூலை அதற்கு மிக அருகில் வருகிறது. அதை வைத்துத் திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் மனுக் கொடுக்கிறோம், கல்கட்டுக்கு முன்னால் உள்ள துண்டை ஊர்ப் பெயரில் எழுதிக் கேட்பதும் அதே மனுவில்.

நிலம் விற்ற அண்ணனுக்கு: நீங்கள் எழுதியதை ஊர்க் கூட்டத்தில் வாசித்தேன். வளைவுக்கு அடுத்த தோட்டம் வைத்திருப்பவர் எழுந்து, "எனக்கும் ஆள் வந்துட்டுப் போயிருக்கு" என்றார். அவரிடம் விற்காதே என்று சொல்ல யாருக்கும் வாய் வரவில்லை. டீக்கடைக்காரர் மட்டும், சீசன் நாளில் வண்டி நிறுத்தக் கட்டணம் வாங்கி அதில் ஒரு பங்கு அவருக்குக் கொடுக்கலாம் என்கிறார். பஞ்சாயத்து மூலம் இப்படி வாங்க முடியுமா, எங்காவது வாங்குகிறார்களா? தெரிந்தவர்கள் திங்கட்கிழமைக்குள் எழுதினால் மனுவில் சேர்த்துவிடுவேன்.