பூனை உள்ள வீட்டில் என்ன செடி வைக்கலாம்? பட்டவர்கள் சொல்லுங்கள்

நாகர்கோவிலிலிருந்து:

ஆனி, ஆடிச் சாரல் பிடித்துவிட்டால் எங்கள் பூனை சுண்டன் வெளியே இறங்க மாட்டான். அந்தக் கடுப்பையெல்லாம் வீட்டுக்குள் காட்டுவான். போன வருடம் அப்படித்தான் ஹாலில் இருந்த பெரிய இலைச் செடியைக் கடித்துவைத்தான். கொஞ்ச நேரத்தில் வாயிலிருந்து எச்சில் நூலாக ஒழுகுகிறது, முன்னங்காலால் வாயைப் பிறாண்டுகிறான். "பல்லியைக் கடிச்சிருக்கும் மக்களே" என்றார் அம்மா.

டாக்டர் வாயைத் திறந்து பார்த்துவிட்டு, "வீட்டில் என்ன செடி வைத்திருக்கிறீர்கள்?" என்று கேட்டார். எனக்குப் பெயர் தெரியாது. நர்சரியில் 'இன்டோர் பிளான்ட்' என்று கொடுத்தார்கள், வாங்கி வந்தேன். போனில் படத்தைக் காட்டியதும் டிஃபன்பாக்கியா என்றார். அதன் இலையில் கால்சியம் ஆக்சலேட் ஊசி ஊசியாக இருக்கும், மெல்லும்போது நாக்கிலும் தொண்டையிலும் குத்தும். சேம்பு சரியாக வேகாவிட்டால் நமக்கு நாக்கு அரிக்குமே, அதே சங்கதி. இரண்டும் ஒரே குடும்பம். மணி பிளான்ட், பிலோடென்ட்ரான், அக்லோனிமா, பீஸ் லில்லி எல்லாமே சேம்புக்குச் சொந்தக்காரர்கள்தாம்! மறுநாள் காலையில் மீன் தலை கேட்டு என் காலைச் சுற்றினான், அது வேறு கதை.

இப்போது எங்கள் வீட்டில் இருப்பது அரிக்கா பாம், ஸ்பைடர் பிளான்ட், கலாத்தியா, பாஸ்டன் ஃபெர்ன். நம் ஊர் ஈரக் காற்றுக்கு ஃபெர்ன் தானாகவே வளர்கிறது. ஸ்பைடர் பிளான்ட்டை மட்டும் புல் மாதிரி மேய்கிறான். விஷமில்லை, ஆனால் அளவு மீறினால் பாயில் வாந்தி எடுப்பான். பாம் என்றதும் சாகோ பாம் வாங்கிவிடாதீர்கள். அது பனை வகையே இல்லை, கல்லீரலைக் கெடுக்கும், விதை இன்னும் மோசம்.

மார்த்தாண்டத்திலிருந்து:

உங்களுக்கு எச்சிலோடு போயிற்று. தங்கை நிச்சயதார்த்தத்துக்கு வந்த பொக்கேயில் நிஜ லில்லி இருந்தது. எங்கள் பூனை அதைத் தின்னவே இல்லை. உரசிப் போனதில் முதுகில் மகரந்தம் ஒட்டியது, அதை நக்கிச் சுத்தம் செய்துகொண்டது, அவ்வளவுதான். சாயங்காலம் வாந்தி. லில்லி பூனையின் சிறுநீரகத்தையே அடித்துவிடும், பூ ஜாடித் தண்ணீரைக் குடித்தாலும் ஆபத்து. அன்றைக்கே தூக்கிக்கொண்டு ஓடியதால் மூன்று நாள் டிரிப்பில் பிழைத்தது. பீஸ் லில்லிக்குப் பேரில்தான் லில்லி, இந்த நிஜ லில்லியோ பூனையைக் கொல்கிற ரகம்.

தோவாளையிலிருந்து:

நான் பூக்கட்டுகிறவள். பிச்சி, மல்லி, ரோஜாவில் பூனை விழுந்து புரண்டாலும் கவலைப்பட மாட்டேன். அரளிதான் பயம். இலை, பூ, தண்டு எல்லாம் விஷம், காய்ந்தாலும் போகாது, நெஞ்சுத் துடிப்பையே நிறுத்திவிடும். அரளிக் கூடை வந்ததும் பூனையை அடுக்களையில் விட்டுக் கதவைச் சாத்திவிடுவேன். கட்டி முடித்து, தரையைப் பெருக்கின பிறகுதான் திறப்பு. உள்ளே கிடந்து அது போடுகிற சத்தம் தெருவுக்கே கேட்கும்.

ஒரு சந்தேகம். குப்பைமேனியைப் பிடுங்கினால் வேரில் போய்ப் புரளுகிறதே, ஏன்?

நாகர்கோவிலிலிருந்து:

அக்கா, அதற்குப் பூனைவணங்கி என்றே ஒரு பேர் உண்டு. வேர் வாசனைக்கு மயங்கும். சுண்டனைத் தின்னவிட்டுப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை, பிடுங்கிய கையோடு மதிலுக்கு அந்தப் பக்கம் எறிந்துவிடுகிறேன். இப்போது தெருப் பூனைகளெல்லாம் அங்கேதான் கிடக்கின்றன.